விடுபட்ட ஏரி

பொதுத் தகவல் தளம் ஒன்றின் தேடல் சேவையில், கணினிக்குப் புரியும் வரிகளில் கேள்வி எழுதி, மாவட்டத்து ஏரிகளின் பட்டியலை என் வகுப்புக்காக எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பழைய சேவையை மூடப்போவதால், அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்களான எங்களைப் புதியதற்கு மாற்றிவிட, வேங்கிக்காலில் நடந்த முகாமுக்கு ஒருவர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, தோளில் துண்டு. திரையில் விரல் வைத்து வரிவரியாகப் படிப்பார். படித்ததும் விரல் தடத்தைத் துண்டால் துடைப்பார்.

என் கேள்வியைப் புதிய சேவைக்கு ஏற்ப மாற்றி எழுதினார். பட்டியலில் ஓர் ஏரி குறைந்தது.

எனக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "ஒண்ணுதானேங்க, விடுங்க" என்றேன்.

"எதுன்னு பாத்துட்டு விடலாம் சார்."

இரண்டு பட்டியலையும் பொறுமையாக ஒப்பிட்டு, ஒரு பெயரில் விரலை நிறுத்தினார். கேள்வியில் ஒரு வரியைத் திருத்தினார். ஏரி திரும்பி வந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றேன். அது எங்கள் ஊர் ஏரி என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.