பனி தங்காத பாத்தி

நெஸ்டர் போட்னார்ச்சுக் வீட்டு நிலவறையில் இருக்கும் கழிப்பறைக்குச் சுவர் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் ஊறுகாய் ஜாடி அலமாரிக்கும் நடுவில் அந்தப் பீங்கான் மட்டும் சிம்மாசனம் போல நிற்கும். மேலே இன்னொன்று உண்டு, சுவரும் கதவும் பூப்போட்ட திரையுமாக. அது அவன் மனைவி லேசியாவுடையது. கீழே இருப்பது நெஸ்டர் தன் கையால் வைத்தது.

ஏன் சுவர் வைக்கவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "உலை பக்கத்துலேயே இருக்கு. சுவர் வெச்சா சூடு எப்படி வரும்?"

கனடாவின் மானிட்டோபாவில் ஜனவரி மாதக் காலையில் இந்த வாதத்தை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஒரே சிக்கல், யாராவது ஊறுகாய் எடுக்கப் படியிறங்கி வந்துவிடுவார்கள். அதனால் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் பாட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். நெஸ்டருக்கு முழுதாகத் தெரிந்தது ஒரே ஒரு கோயில் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு அதே பாட்டை எடுக்கும்போது, லேசியா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிடுவாள். பக்தியில் அழுகிறாள் என்று ஃபாதர் மார்க்கியன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

நெஸ்டர் எங்கள் ஊர் வெர்பாவின் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வேலையையும் எங்கே சுலபமாக முடியுமோ அங்கே செய்வது அவன் கொள்கை. எங்கே செய்தால் நாலு பேர் பார்ப்பார்களோ அங்கே செய்வது லேசியாவின் கொள்கை. இந்த இரண்டும் ஒரே கூரைக்குள் குடித்தனம் செய்ததன் தழும்புகளை வீட்டில் எங்கும் பார்க்கலாம். சமையலறையில் கம்பளம் விரித்தால் அழகு என்று லேசியா ஒரு காலத்தில் முடிவு செய்தாள். பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பில் கிழித்துப்போட்ட பச்சைக் கம்பளத்தை நெஸ்டர் சும்மா வாங்கி வந்தான். பீட்ரூட் சாறு சிந்திச் சிந்தி அது கொலை நடந்த இடம் மாதிரி ஆனது. சரி, சாறு தெரியாமல் இருக்கட்டும் என்று சிவப்புக் கம்பளம் போட்டாள். இப்போது மாவு சிந்தினால் யார் யார் எங்கே நடந்தார்கள் என்று தடம் தெரிகிறது. ராத்திரியில் கேக் திருடித் தின்னும் வழக்கத்தை நெஸ்டர் விட்டதற்கு அந்தக் கம்பளம்தான் காரணம்.

இதெல்லாம் வீட்டோடு போகிற சங்கதி. அகப்பை அப்படி இல்லை.

கோயில் மண்டபத்துச் சமையலறையில், அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிற நீளக் காம்பு அகப்பை அது. அக்டோபரில் வரும் மாதாவின் போக்ரோவா திருநாளுக்கு ஊரே மண்டபத்தில் சாப்பிடும். அன்றைக்குப் பீட்ரூட் சூப் கொதிக்கும் பெரிய பானைக்கு முன்னால் ஒருத்தி மட்டும் நிற்கலாம். அவள் கையில்தான் அகப்பை. பீட்ரூட் அவள் தோட்டத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும், கடைச் சரக்கு ஆகாது. அந்த இடம் பல வருடங்களாக லேசியாவுடையது. அவளுக்குப் பட்டம், பதவி, நகை எல்லாமே அதுதான். பக்கத்து மேசையில் முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிக்கொண்டு, அவள் எப்போது வழுக்கி விழுவாள் என்று காத்திருந்தவள் ஸ்லாவ்கா. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஸ்லாவ்காவின் முட்டைக்கோஸ் சுருளுக்கு என்ன குறை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஆனால் ஃபாதர் கிண்ணத்தோடு முதலில் போய் நிற்பது அகப்பைக்கு முன்னால்தான்.

எங்கள் ஊரில் சாக்கடைக் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். டேங்கிலிருந்து வழியும் கழிவுத் தண்ணீர், புதைத்து வைத்த ஓட்டைக் குழாய்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். ஓர் இலையுதிர் காலத்தில் நெஸ்டர் வீட்டுக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கீழே போனது மேலே வர ஆரம்பித்தது. செய்தி முதலில் சிம்மாசனத்துக்குத்தான் எட்டியது, பாட்டு நடுவில் நின்றது.

அந்த நேரம் பார்த்து மகளுக்குப் பிரசவம் என்று லேசியா வின்னிபெக் கிளம்பினாள். காரில் ஏறும் முன்பு விரலை நீட்டிச் சொன்னாள்: "புதுக் குழாயை பாப்ளர் மரத்துக்கு அந்தப் பக்கம் போடு. தோட்டத்துக்குக் கிட்ட வந்தே, கொன்னுடுவேன்."

நெஸ்டர் தோண்டும் வண்டியை வாடகைக்கு எடுத்து பாப்ளர் பக்கம்தான் போனான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முழங்கால் ஆழத்தில் வேர். அதற்குக் கீழே கல். கல்லுக்குக் கீழே இன்னும் பெரிய கல். வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வருடக்கணக்காகக் கொத்திக் கொத்தி வெண்ணெய் மாதிரி ஆன உருளைக்கிழங்குப் பாத்தி வெயிலில் கிடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் குழாய் புதைத்து, மண் மூடி, வைக்கோல் பரப்பி, குளித்துவிட்டு டிவி பார்த்தான்.

லேசியா திரும்பி வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது," என்றான். அவள் பேரனின் போட்டோக்களை எடுத்தாள். பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வசந்தத்தில் வீட்டைச் சுற்றிப் பனி கனமாகக் கிடந்தபோது, உருளைக்கிழங்குப் பாத்தி மட்டும் கறுப்பாக, லேசாக ஆவி பறக்க, சிரித்துக்கொண்டிருந்தது. லேசியா ஜன்னலில் நின்று கையைத் தட்டினாள்.

"பாரேன், அந்த எடத்துல வெயில் எப்படி விழுதுன்னு! இத்தனை வருஷம் அதுல உருளைக்கிழங்கைப் போட்டு வீணாக்கியிருக்கேன். இந்தத் தடவை பீட்ரூட் அங்கதான்."

"அங்க வேண்டாமே," என்றான் நெஸ்டர்.

"ஏன்?"

உண்மையைச் சொல்வதற்கு ஆண்டவன் அவனுக்குக் கொடுத்த தருணம் அது.

"பூச்செடி வையேன்."

"பூவைப் போட்டு சூப்பு வெக்கவா? போய் விதைப் பொட்டலத்தை எடுத்துட்டு வா."

எடுத்து வந்தான்.

பீட்ரூட் குழந்தைத் தலை அளவுக்கு வந்தது. வெட்டினால் கறை மணிக்கட்டு வரை ஏறியது. ஓரத்தில் சதகுப்பைக் கீரை தானாக முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றது. அந்த வருடத் திருநாளில் ஃபாதர் மார்க்கியன் மூன்று கிண்ணம் குடித்தார். ஸ்லாவ்கா வாயைத் திறக்காமல் இரண்டு ஜாடி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நெஸ்டர் மட்டும் குடிக்கவில்லை. மூன்று வேளையும் பீட்ரூட் சூப் கேட்கிற மனிதன் திடீரென்று நெஞ்செரிச்சல் என்றான். லேசியா பயந்துபோய் அவனைப் பக்கத்து டவுன் டாஃபினுக்கு, டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டு வயிறு வரைக்கும் பார்த்தார். ஒன்றும் இல்லை. "மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்டார். வாயில் குழாய் இருந்ததால் நெஸ்டர் தப்பித்தான்.

இரண்டாவது வருடம் பீட்ரூட் இன்னும் பெரிதாக வந்தது. இப்போது லேசியாவுக்கு வேலி இடித்தது. தோட்டத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் நடுவில் காரகானா புதர் வேலி தலைக்கு மேல் வளர்ந்து நின்றது.

"இப்படி விளைய வெச்சிட்டு ஒளிச்சு வெக்கவா? முழங்கால் அளவுக்கு வெட்டு. மண்டபத்துல உக்காந்து சாப்பிடறவங்க ஜன்னல் வழியா பாக்கணும், எங்கேர்ந்து வந்துதுன்னு."

"வேலி காத்தைத் தடுக்குது."

"நீ ஸ்லாவ்கா கட்சியா?"

வேலியை வெட்டினான்.

திருநாளுக்கு முந்தின ராத்திரி, அந்தப் பருவத்தின் முதல் பனி விழுந்தது. கனமில்லை, ரொட்டியில் தடவின வெண்ணெய் அளவுக்கு. லேசியா விடியும் முன்பே இருட்டில் மண்டபத்துக்குப் போய்ப் பானையை ஏற்றிவிட்டாள். நெஸ்டர் எழுந்து ஜன்னலைப் பார்த்தான். ஊர் முழுக்க வெள்ளை. அவன் தோட்டத்தில் மட்டும் அளவுகோல் வைத்துக் கீறினாற்போல ஒரு கறுப்புச் செவ்வகம். அதன் நடுவே, இன்னும் பிடுங்காத பீட்ரூட் இலைகள், சிவப்பு நரம்போடு, வரிசையாக.

பனி வாரும் மண்வாரியை எடுத்துக்கொண்டு ஓடினான். பாதையில் கிடந்த பனியை அள்ளிப் பாத்தியில் கொட்டினான். விழுந்த பனி உருகியது. மறுபடி கொட்டினான். மறுபடி உருகியது.

மண்டபத்து ஜன்னலில் ஸ்லாவ்காவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"லேசியா. உன் வீட்டுக்காரன் தோட்டத்துக்குப் பனி போட்டுட்டிருக்கானே. எதுக்குடி?"

முட்டைக்கோஸ் சுருட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. எல்லோரும் செப்டிக் டேங்க் வீட்டுக்காரர்கள். கழிவுத் தண்ணீரின் வெதுவெதுப்பு அடியில் இருக்கும் மண்ணில் பனி தங்காது. பனிக்கு நடுவில் தெரியும் செவ்வகம் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

லேசியா அகப்பையோடு வெளியே போனாள். குட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"பாப்ளர் பக்கம்னு சொன்னேனா, இல்லையா?"

"அங்க கல்லு, லேசியா."

"கல்லு."

"பெரிய கல்லு."

"அப்போ அந்த நெஞ்செரிச்சல்?"

"இல்லை."

"டாக்டர் குழாய் விட்டாரே!"

"விட்டார்."

"அதையும் முழுங்கினியே, மனுஷா!"

"உங்கிட்ட சொல்றதைவிட அது சுலபமா இருந்துது."

லேசியா அகப்பையை ஓங்கினாள். பிறகு கோயில் வாசலில் வந்து நிற்கும் கார்களைப் பார்த்து, இறக்கினாள். "உள்ள வா," என்றாள்.

பூசை முடிந்து ஊர் மண்டபத்துக்குள் வந்தபோது செய்தி அதற்கு முன்பே எல்லா மேசைக்கும் போயிருந்தது. பானைக்கு முன்னால் ஒருவர்கூட வரவில்லை. ஸ்லாவ்கா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"அகப்பையைக் குடுத்துடுடி. இன்னிக்கு சூப் இல்லைன்னு நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். அடுத்த வருஷம் என் தோட்டத்து பீட்ரூட் இருக்கு."

லேசியாவின் கை காம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஒரு கிண்ணம் நிறைய ஊற்றினாள். பாலேடு வைத்தாள். கீரை தூவினாள். நட்ட நடு மேசையில் நெஸ்டரை உட்கார வைத்து முன்னால் வைத்தாள்.

"தின்னு."

நெஸ்டர் ஊரைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். ஒரு வாய் வைத்தான். அப்புறம் தலை நிமிரவே இல்லை. இத்தனை நாள் வாசனை மட்டும் பிடித்துப் பட்டினி கிடந்தவன் அவன். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துவிட்டு நீட்டினான்.

"இன்னொண்ணு."

"வெட்கம்கெட்டவனே," என்றாள் லேசியா. ஆனால் ஊற்றினாள்.

ஃபாதர் மார்க்கியன் எழுந்து தன் கிண்ணத்தோடு வந்தார். "போன வருஷம் மூணு கிண்ணம் குடிச்சேன். சாகறதா இருந்தா கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே செத்திருப்பேன். இப்போ வந்து பயந்தா என்ன பிரயோஜனம்? ஊத்தும்மா."

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். பிறகு இன்னும் சிலர். பாதி ஊர் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டது என்பதும் உண்மை. பானை காலியாகவில்லை. ஆனால் அகப்பை கை மாறவில்லை.

"நீ போன வருஷம் ரெண்டு ஜாடி கொண்டுபோனியே, ஸ்லாவ்கா," என்றாள் லேசியா, எல்லோருக்கும் கேட்கும்படி. "தீர்ந்துடுச்சா?"

ஸ்லாவ்கா முட்டைக்கோஸ் பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுத்த மே மாதம் முழுக்க நெஸ்டர் பாப்ளர் பக்கத்துக் கல்லைக் கையால் பெயர்த்தான். தோண்டும் வண்டிக்கு அனுமதி இல்லை. குழாய் இருந்த இடத்திலேயே கிடக்க, கல் போன இடத்தில் பீட்ரூட் போட்டாள் லேசியா. செவ்வகத்தில் கிளாடியோலஸ் பூச்செடி வைத்தாள். பூ ஆள் உயரத்துக்கு நின்றது. பீட்ரூட் முள்ளங்கி அளவுக்கு வந்தது.

திருநாளன்று ஊர் முழுக்க வரிசையில் வந்தது. எல்லோரும் மரியாதையாகக் குடித்தார்கள். யாரும் இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை. ஃபாதர் ஒரு கிண்ணத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டார். லேசியா வெளிறிப்போன சூப்பைக் கலக்கிக்கொண்டே நின்றாள்.

ஸ்லாவ்கா கரண்டியில் ஒரு வாய் எடுத்துச் சப்புக்கொட்டினாள். "சுத்தமா இருக்கு," என்றாள்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா உனக்கு?"

ஸ்லாவ்கா ஜன்னல் வழியாகச் செவ்வகத்தைப் பார்த்தாள். முதல் உறைபனியில் கருகிய பூத்தண்டுகள் தடித்தடியாக நின்றன. பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, காதோடு வந்து சொன்னாள்.

"ஓரத்துல, ஒரே ஒரு வரிசை போட்டா, யாருக்குடி தெரியப்போகுது?"

லேசியா அகப்பையைப் பானை விளிம்பில் தட்டினாள்.

"வேலி வளரட்டும்," என்றாள்.