நான் மிதித்த தோள்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். எங்கள் இராயபுரத்துக் கடலோரத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். கழுத்துப் பிடிப்போ இடுப்புப் பிடிப்போ, "பிலோமினா வூட்டுக்குப் போ, மிதிச்சி வுடுவா" என்று அனுப்பிவிடுவார்கள். வந்தவர் குப்புறப் படுப்பார். நான் மாதாவை நினைத்துக்கொண்டு குதிகாலால் மூன்று தரம் தேய்த்து ஒரு மிதி மிதிப்பேன். பல பேர் சிரித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் இருந்தது. இல்லை என்றால் பொய். அந்தக் காலாலேயே என் புருஷனின் கையைக் கெடுத்துவிட்டேன் என்று நான் மாதக்கணக்கில் அழுத கதையைத்தான், என்னோடு கோவிலுக்கு வருகிற உங்களுக்குச் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து நாலாம் வருஷம், ஆடி மாதம். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் அவருடைய அண்ணனும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போவார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக இரண்டு பேர் தோளில் வைத்து மேட்டுக்குத் தூக்கி வந்து காயப்போடுவது வழக்கம். அன்று பின்னால் வந்த அலை அண்ணனின் காலை வாரிவிட்டது. மரம் அவர்மேல் விழாமல் இருக்க இவர் வலது கையை நீட்டித் தாங்கினார். தண்ணீர் குடித்த மரம், கையையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. அண்ணனுக்கு ஒரு கீறல் இல்லை. இவர் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. "சுளுக்குதான், படு" என்றேன். மூன்று நாள் மிதித்தேன். ஒவ்வொரு தரமும் எழுந்து உட்கார்ந்து, "இப்ப தேவல மே" என்பார். முகம் வேர்த்திருக்கும். வெயிலுக்கு வேர்க்கிறது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அவர் சட்டை போடுவதைப் பார்த்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தார். "கையத் தூக்கு பாப்போம்" என்றேன். தூக்கப் பார்த்தார். மார்பு உயரத்துக்கு மேல் வரவில்லை.

ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடித்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எண்ணெய் தேய்த்தோம், பத்து போட்டோம். ஆவணி போனது, புரட்டாசி போனது. கை அப்படியே இருந்தது. கரையில் வாய்கள் சும்மா இருக்குமா? "படத்துலயே ஒண்ணும் இல்லியாம். சவரி கடலுக்கு பயந்துகினு வூட்டுல குந்திகினு கீறான்" என்றார்கள். அவர் காதிலும் விழுந்தது. கட்டுமரம் ஏறாத மனிதனால் கரையில் என்ன பேச முடியும்?

எனக்கு அதைவிட வேறொரு வேதனை. கட்டுமரங்கள் திரும்பும்போது, அலை மடங்கும் இடத்துக்கு வெளியே எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கரைக்குக் கை தூக்குவார்கள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தக் கைகளில் எனக்குரிய கை எது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் மீன் கூடையைக் கையில் எடுப்பேன். இப்போது மற்றவர்களின் மீனை வாங்கி விற்பதற்காக அதே இடத்தில் நின்றேன். அவர் வீட்டில் இருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் கைகள் எழும்போது என் கண் தேடும். பக்கத்தில் நிற்பவள் தன் புருஷனைப் பார்த்துச் சிரிப்பாள். நான் கூடையைப் பார்ப்பேன். அந்த ஒரு கையைப் பார்க்க என் மனசு எப்படி ஏங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் கால்தான் இதைச் செய்தது என்று முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது சனிக்கிழமை மாதாவிடம் போவதாக நேர்ந்துகொண்டேன். மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நிற்பேன். "தாயே, என் காலை வேணும்னா எடுத்துக்கோ. அந்தக் கையைக் குடு." வேறு ஒரு வார்த்தையும் வராது.

ஒன்பதாம் சனிக்கிழமையும் முடிந்தது. வீட்டுக்கு வந்தால் அவர் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு மாதாமேல் கோபமே வந்துவிட்டது.

அன்று மாலை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். வளைந்த இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராம். மருந்துப் பெட்டியைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

"ஆஸ்பத்திரியில வேலை செஞ்சிகினு எங்கிட்ட வர்றீங்களே" என்றேன்.

"அங்க சொன்னா சிரிப்பாங்கம்மா. எங்க அம்மாதான் உன் பேரச் சொல்லி அனுப்பிச்சாங்க. ஒரு மிதி போதும்."

"நான் இனிமே யாரையும் மிதிக்க மாட்டேங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம், முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் கொட்டிவிட்டேன். உள்ளே என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

கம்பவுண்டர் தன் இடுப்பை மறந்துபோனார். "எங்க ஆஸ்பத்திரியில வயசான டாக்டர் ஒருத்தர் கீறாரு. படம் கிடம்லாம் அப்புறம்தான். கையால தொட்டே சொல்லிடுவாரு. திங்கக்கெழம இட்டுகினு வா, நான் நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். டாக்டர் என் வீட்டுக்காரரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னால் போய் நின்று, இரண்டு தோளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வலது தோள்பட்டை எலும்புக்கு மேலே சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. அத்தனை நாள் எண்ணெய் தேய்த்தவள் நான், அதைப் பார்க்கவில்லை. தோள் நுனியில் ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினார். இவர் துள்ளினார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, "என் கையை வெளிப்பக்கம் தள்ளு" என்றார். கட்டுமரம் தள்ளிய கையால் அந்தப் பெரியவரின் ஒரு கையைத் தள்ள முடியவில்லை.

அடுத்து, "நீ சும்மா இரு, நான் தூக்குறேன்" என்று மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். கை மார்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. காது வரை போய் நேராக நின்றது. நான் அழுதுவிட்டேன். ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தக் கையை மேலே பார்க்கிறேன்.

"இப்ப நான் விட்டுடுவேன். நீயே மெதுவா இறக்கு."

பாதி வரை நடுங்கிக்கொண்டே வந்தது. பிறகு பொத்தென்று விழுந்தது.

டாக்டர் தலையை ஆட்டினார். "மூட்டு இறுகியிருந்தா நான் தூக்கினாலும் வந்திருக்காது. எலும்பும் நல்லா இருக்கு. சதையை எலும்போட கட்டுற நார் கிழிஞ்சிருக்கு. அது படத்துல தெரியாது."

இவர் இடது கையால் அந்தத் தோளைத் தடவிப் பார்த்தார். "மரமும் நல்லா கீது, பாயும் நல்லா கீது. நடுவுல கவுறு அந்துபோச்சுன்றீங்க."

"அதேதான்."

நான் டாக்டரின் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "ஐயா, நான் மிதிச்சேன். அதாலதான் அந்துச்சா?"

டாக்டர் அவரைப் பார்த்து, "கை எப்பலேர்ந்து தூக்க வரல?" என்றார்.

"மரம் வுழுந்த அன்னிக்கே வரலீங்க. கரையிலயே வரல."

"அப்ப அன்னைக்கே கிழிஞ்சாச்சு. நீ மிதிச்சதால கிழியலம்மா. ஆனா மிதிச்சது நல்லதும் இல்ல."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "அன்னிக்கே தெரிஞ்சும் ஏன்யா தேவலன்னு சொன்ன?"

அவர் சட்டையைத் தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார். "பிலோமினா கால் பொய்யாப் போச்சுன்னு ஊர் பேசக்கூடாதுன்னுதான்."

என் பெருமைக்காக அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். என்னை நானே சபித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் எனக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறார். அங்கேயே மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கை பழையபடி வரும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. பயிற்சிதான் கொடுத்தார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்ற வேண்டும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அவர் செய்வார், நான் எதிரே செபமாலை உருட்டுவேன். விரல் எட்டிய இடத்தில் கரியால் கோடு போடுவேன். சில வாரம் கோடு நகராது. அப்போதெல்லாம் திரும்ப ஏக்கம் வரும்.

பங்குனி மாதம் அவர் அண்ணனோடு கட்டுமரம் ஏறினார். துடுப்பு அண்ணன் கையில். இவர் வலைக்கு மட்டும். நான் விடிந்ததிலிருந்து கரையில் நின்றேன். வெயில் ஏறிய பிறகு மரங்கள் தெரிந்தன. கைகள் எழுந்தன. என் கையைத் தேடினேன், காணவில்லை. பிறகு கடைசி மரத்தில் ஒரு ஆள் எழுந்து நின்றார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். "இன்னாடி, உன் வூட்டுக்காரு கரையப் பாத்துக் கும்பிடுறாரு?"

"ஆமாண்டி" என்றேன். மீன் கூடையைக் கையில் எடுத்தேன்.

இன்றைக்கும் அவர் அப்படித்தான் கை தூக்குகிறார். தனியாக அந்தக் கை தோளுக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். எனக்கு அது போதும். நான் யாரையும் மிதிப்பதில்லை. தோள் வலி என்று வருகிறவர்களின் கையை நானே மெல்லத் தூக்கி, பிறகு இறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். வலியை மறைக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.

நான் கேட்ட வழியில் மாதா பதில் கொடுக்கவில்லை. இடுப்புப் பிடித்த ஒரு மனிதரை என் வாசலுக்கு அனுப்பினாள். உங்களில் யாராவது ஒன்பது வாரம் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தால், கதவைச் சாத்திவிடாதீர்கள். யார் வருகிறார் என்று பாருங்கள்.