கைக்கு அளவான துவக்கு

அந்த வருசம் என் பிறந்த நாளுக்கு இவர் எனக்கு ஒரு கைத்துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, வாங்கித் தந்தார். இதைச் சொன்னால் சனம் சிரிக்கிறது. சேலை, சங்கிலி, வாசனைப் போத்தல் என்று புருசன்மார் வாங்கிக் கொடுக்க ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்க, என்னவர் துவக்குக் கடைக்குப் போயிருக்கிறார். அதுவும் அளவுக்கு என்னுடைய காப்பு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.

ஜெர்மனியில், லைப்சிக்கிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஒரு சின்ன நகரத்தில் அப்போது இருந்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அகதியாக வந்தபோது இவரை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். விசா சரிவந்த பிறகும் இவர் அங்கேயே வேலை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். நான் கலியாணம் கட்டி வந்து சேர்ந்தபோது, அந்த ஊரில் தமிழர் என்று சொல்ல நாங்கள் இரண்டு பேர்தான். இவருக்குப் போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்குப் பாண் கடையில், பேக்கரியில், விடிகாலை வேலை. நான் வெளிக்கிட்டுப் போன பிறகுதான் இவர் வீட்டுக்கு வருவார். அடுப்பில் நான் மூடி வைத்த சோற்றைப் பார்த்துத்தான் தனக்குப் பெண்சாதி இருக்கிறாள் என்று ஞாபகம் வருவதாகச் சொல்லுவார்.

வீட்டிலிருந்து பாண் கடைக்குப் போக, ரயில் பாதைக்குக் கீழால் ஒரு சுரங்கப்பாதை. ஒரு விளக்கு எரிந்தால் மற்றது எரியாது. சனிக்கிழமை விடிகாலைகளில் குடித்துவிட்டு வீடு போகாத பெடியன்கள் சிலர் அங்கே நிற்பார்கள். மொட்டைத் தலை, கனத்த பூட்ஸ். முதலில் குரைத்தார்கள். உண்மையாகவே, என்னைக் கண்டதும் நாய் மாதிரிக் குரைத்தார்கள். பிறகு ஒரு நாள் என் காலடியில் ஒரு பியர் போத்தல் வந்து விழுந்து உடைந்தது. நான் ஓடினேன். பின்னால் துரத்தி வந்தார்களா, நின்ற இடத்தில் நின்று சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பொலிஸில் போய்ச் சொன்னோம். எழுதி எடுத்தார்கள். முகம் அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். நான் நிலத்தைப் பார்த்து நடக்கிறவள். எனக்கு எங்கே முகம் தெரியும்?

"வேலையை விடும்," என்றார் இவர்.

"ஏலாது. நான் என்ரை வாயாலை கேட்டு எடுத்த வேலை."

வாய்தான் அப்படிச் சொன்னது. பின்னேரம் ஆனாலே பயம் தொடங்கிவிடும். சாப்பாடு இறங்காது. நித்திரையில் அந்தப் பாதையை நடந்து முடித்துவிட்டு எழும்பித் திரும்பவும் நடக்க வேண்டும். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி இருந்துதான் இந்த யோசனையைப் பிடித்திருக்கிறார்.

அது சன்னம் போட்டு ஆளைக் கொல்லுகிற துவக்கு இல்லை. உண்மையானதை வாங்க அந்த நாட்டில் சங்கத்தில் சேர வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், வருசக்கணக்கில் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும். இது வெடிச் சத்தம் போடும், கண்ணை எரிக்கிற புகை அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பதினெட்டு வயது முடிந்த எவரும் வாங்கலாம் என்று தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்சலைப் பிரித்து உள்ளே கிடந்ததைக் கண்டதும் நான் முதலில் எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

"ஆரும் பாத்தவையோ, நீங்கள் வேண்டேக்கை?"

"கடைதானே. ரசீதும் தந்தவங்கள்," என்று சிரித்தார்.

சிரிக்கிற விசயமா? சுட்ட சன்னத்தின் வெறும் கோது ஒன்று வளவுக்குள் கிடந்தாலே ஆமி வீட்டோடு அள்ளிக்கொண்டு போன ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அரிசி வாளிக்குள் ஒளிக்கவா, சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கவா என்றுதான் என் மூளை ஓடியது. இவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, "எடுத்துப் பிடிச்சுப் பாரும்," என்றார்.

பிடித்தேன். விசைக்கு விரல் எட்டவில்லை. என் கைக்கு அது பெரிசு. அப்போதுதான் காப்புக் கதை வெளியே வந்தது. ஊரில் பெண்சாதிக்குத் தெரியாமல் காப்பு வாங்கப் போகிற ஆம்பிளை அவளுடைய பழைய காப்பொன்றை எடுத்துக்கொண்டுதான் போவான். ஆள் வராவிட்டாலும் அளவு வரும். இவரும் அதே மாதிரி என் காப்பைக் கடைக்காரரின் மேசையில் வைத்து, என் மனைவியின் கை இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் காப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"காப்பு கையை ஒடுக்கிப் போடுற சாமான் அப்பா. விரல் நீளம் அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தேன். போத்தல் உடைந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாற்றுவதற்கு இரண்டு பேரும் போனோம். வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கிற கடை. ஒரு பக்கச் சுவரில் மான் தலை, மறுபக்கம் தூண்டில்கள். பெரிய மீசை வைத்த கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, கையே வந்துவிட்டது, இனிக் காப்புத் தேவையில்லை என்றார். மேசையில் மூன்றை வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இவர் தூண்டில்கள் பக்கம் போய் நின்றுகொண்டு, ஜன்மத்தில் மீன் பிடிக்காத மனுசன், ஒவ்வொரு தூண்டிலாகத் தடவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேள்வி மட்டும் வந்தது.

"குளிருக்குள்ளை இறுகாதோ எண்டு கேளும். ஈரம் பட்டால்? கனநாள் பாவிக்காமல் வைச்சிருந்தால்?"

நான் ஜெர்மனில் கேட்டேன். கடைக்காரர் மூன்றாவதைத் தட்டிக் காட்டினார். சுழல்கிற உருளை வைத்த சின்ன ரிவால்வர். மற்றவை சிலவேளை சிக்கும், இதில் சிக்குவதற்கு ஒன்றுமில்லை, விசையை இழுத்தால் வெடிக்கும் என்றார். அது என் உள்ளங்கைக்குள் அகப்பைக் காம்பு மாதிரி அமைந்து இருந்தது. அவ்வளவு சுகமாக அமைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்கத் துவக்கோடேயே இவர் பக்கம் திரும்பினேன். தூண்டிலடியில் இவர் இல்லை. கதவடிக்குப் போய்விட்டார்.

"நல்லா இருக்கு, எடும்," என்றார், வீதியைப் பார்த்துக்கொண்டு.

வெளியே கொண்டு திரிய ஒரு அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு டேர்மின், நாள் குறித்துத்தான் போக வேண்டும். எதற்காக என்று அரசாங்கக் கந்தோரில் இருந்த பெண் கேட்டாள். 'ஆங்ஸ்ட்' என்றேன். பயம். அவள் அதை அப்படியே எழுதினாள்.

அனுமதி வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், பயிற்சி. வெடி போடாமல் வெறும் துவக்கு. கைப்பைக்குள் இருந்து எடுக்க வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், நீட்ட வேண்டும். இவர் எனக்குப் பின்னால் நின்று முழங்கையைச் சரிப்படுத்துவார். ஒரு நாளும் என் கையில் அதைத் தரமாட்டார், மேசையில் வைப்பார், நான் எடுக்க வேண்டும். கத்தி, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால் பகை வரும் என்று எங்கள் ஆட்கள் பார்க்கிற வழக்கம்தான் என்று நான் நினைத்தேன். எனக்கு முன்னால் ஒருநாளும் வந்து நிற்கவுமில்லை. அதுவும் நல்ல வாத்தியாருடைய கவனம் என்றே நினைத்தேன்.

"முகத்தைப் பாக்காதேயும். முகத்தைப் பாத்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"படத்திலை பாத்தது."

ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது எனக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும். கலியாணப் பேச்சுக்கால் நேரத்தில் இவருடைய வீட்டார் சொன்னார்கள். பிறகு நான் கேட்டபோதெல்லாம் இவர் சொன்னது ஒரே பதில்தான். "பிடிச்சவங்கள், விட்டவங்கள்." அதற்கு மேல் நானும் கிண்டவில்லை.

துவக்கு கைப்பைக்குள் வந்த பிறகு பயம் குறையும் என்று இரண்டு பேரும் நம்பியிருந்தோம். குறையவில்லை, இடம் மாறியது. பை எங்கேயாவது அடிபட்டு அது வெடித்துவிடுமோ என்று பயம். பொலிஸ் மறித்தால் அனுமதியை எடுப்பதற்குள் என்னைச் சுட்டுவிடுமோ என்று பயம். பாண் அடுக்கும்போது பையை யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம். முன்பு நிலத்தைப் பார்த்து நடந்தவள் இப்போது எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தேன். பேப்பர் போடுகிற கிழவரைக்கூட, அந்த மனுசனுக்கும் துவக்கை நீட்ட வேண்டி வருமோ என்று பார்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

அது மாரிகாலம். பனி கொட்டி இறுகியிருந்த ஒரு விடிகாலை. சுரங்கப்பாதையில் பெடியன்கள் ஒருவரும் இல்லை. நான் பாதித் தூரம் போயிருப்பேன், மேலே ஒரு சாமான் ரயில் வந்தது. அந்த ரயில்கள் நீளமானவை. போகத் தொடங்கினால் சுவரெல்லாம் அதிரும், வேறொன்றும் கேட்காது. அப்போது எனக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நிழல் வந்து என் நிழலைப் பிடித்தது.

திரும்பினேன். தலையை மூடிய தொப்பி, கண்வரைக்கும் சுற்றிய சால்வை. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

நான் யோசிக்கவில்லை. குசினிக்குள் செய்தது போலவே கை தானாகப் பைக்குள் போனது, எடுத்தது, மற்றக் கை வந்து சேர்ந்தது, நீட்டியது. முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தேன்.

அந்த ஆள் நின்றான். தூக்கிய கையோடு மற்றக் கையும் மேலே போனது. இரண்டும் தலைக்குப் பின்னால் போய் விரல்கள் கோத்துக்கொண்டன. முழங்கால் மடிந்தது. பிறகு நெற்றி நிலத்தை நோக்கிக் குனிந்தது. ஒருவரும் சொல்லாமல், அவ்வளவு ஒழுங்காக, பலமுறை செய்து பழகிய வேலையைச் செய்கிற மாதிரி. சால்வைக்குள் அவனுடைய தாடை அசைந்துகொண்டிருந்தது. நான் துவக்கைத் தாழ்த்தவில்லை. எந்த நேரமும் பாய்வான் என்று நினைத்தேன்.

ரயில் போய் முடிந்தது. அப்போதுதான் குரல் கேட்டது.

"நான் ஒண்டும் செய்யேல்லை சேர். எனக்கு ஒருத்தரையும் தெரியாது சேர்."

பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னது அந்தக் குரல். இவருக்குச் சிங்களம் தெரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"இஞ்சாருங்கோ," என்றேன். "நான்தான். இது நான்."

"ஓம் சேர்," என்றார்.

துவக்கை நிலத்தில் வைத்துக் காலால் தள்ளினேன். அது பனியில் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. என் வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டினேன். இவர் நிமிரவில்லை. பக்கத்தில் முழங்காலில் இருந்து அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். இறுகிப் போயிருந்தன. ஒவ்வொன்றாகத்தான் கழற்ற முடிந்தது. சால்வையை இழுத்து முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கண் என்னில் இருந்தது, ஆனால் என்னைக் காண அதற்குக் கனநேரம் எடுத்தது.

தொழிற்சாலையில் மெசின் பழுதாகி வேளைக்கு அனுப்பிவிட்டார்களாம். தூரத்தில் என்னைக் கண்டு, கடைவரைக்கும் கூடவே நடந்து வரலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். சொல்லி முடித்துவிட்டுச் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"உம்மடை கை நடுங்கேல்லை," என்றார். "நல்லாப் பிடிச்சனீர்."

அதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய உத்தியோகத்தரிடம் பேசுகிற மாதிரி நல்ல மரியாதையாகச் சொன்னார். போத்தல் உடைந்த நாளில்கூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை. என் புருசன் எனக்குப் பயந்துபோய் இருந்தார். அந்தப் பயத்தை அங்கே வைத்து நான் பார்த்துவிட்டேன், இனி அதைப் பார்க்காதவள் ஆக முடியாது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. சுவரடியில் கிடந்த துவக்கை எடுத்துப் பைக்குள் போட்டேன், இரண்டு பேருமாக வீட்டுக்கு நடந்தோம். கதவைத் திறக்க நான் பைக்குள் கை விட்டுத் திறப்பை எடுத்தபோது இவர் ஒரு அடி விலகி நின்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, உருளையைச் சுழற்றி, விளக்கில் பிடித்துப் பார்த்தார். சிக்கிவிட்டதா என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "ஒரு குறையும் இல்லை."

"கைக்குச் சரிவரவில்லையா?"

"கைக்கும் நல்ல அளவுதான்."

அவருக்கு விளங்கவில்லை. திருப்பி எடுக்கிற வழக்கமில்லை, வேண்டுமென்றால் பாதி விலை தரலாம் என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இவர் வீதிக்கு அந்தப் பக்கம், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் காலடிச் சத்தம் கேட்டுத் தோள் இறுகியதைக் கண்டேன். அதனால் பின்னால் போகாமல் சுற்றிப் போய் முன்னால் நின்றேன்.

"நாளைக்கு எப்பிடிப் போவீர்?" என்று கேட்டார்.

"முந்தி மாதிரி, நிலத்தைப் பாத்துக்கொண்டு போறன்," என்றேன்.