கென்ஜி என்றொரு மாப்பிள்ளை

போன வாரம் ஒரு மாப்பிள்ளையைச் சந்தேகப்படுவதற்காகத் திருத்தணி மலைக்குப் போனேன். கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு.

கனகம்மாசத்திரத்தில் டிபன் கடை வைத்திருக்கும் முனிரத்தினம் மகளுக்கு வரன் பார்க்கிறார். நான் இப்போதைக்கு அவர் கடையின் பின்பக்கம் படுத்துக்கொள்கிறேன். பையன் அரக்கோணம். நல்ல வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, மகளுக்கும் பிடித்துவிட்டது. இடிப்பது ஒன்றுதான் — பையன் பெயர் கென்ஜி.

ஜப்பானில் ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயராம். முனிரத்தினம் போனில் தேடினார். கதை எழுதினவர் ஒரு கென்ஜி, பந்தாட்டக்காரர் ஒரு கென்ஜி, சினிமா எடுத்தவர் ஒருவர்... ஒரே பெயரைப் பல விதமாக எழுதுவார்களாம். அர்த்தமும் மாறுமாம்.

"அர்த்தமே நிலையா இல்லாத பேருங்க. இதுல எவன் பேர வெச்சிகினு கீறான்? வேற பேரு எதுனா மறைக்கிறானா?"

எனக்கும் சந்தேகம்தான். ஆறாவதோடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். பெயரை மாற்றிச் சொல்லிப் படுக்க இடம் பிடித்த ஊர்கள் எனக்கும் உண்டு.

முனிரத்தினம் ஒரு பொறி வைத்தார். மலையில் பையன் பேரில் அர்ச்சனை. சாமி முன்னால் பொய்ப் பெயர் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? வேறு பெயர் வாயில் வந்தால் சம்பந்தம் அன்றோடு சரி.

வரிசையில் நிற்கும்போது பையனின் அப்பாவிடம் மெல்ல விசாரித்தேன். போனில் இருப்பவர்களில் எந்தக் கென்ஜி?

"அதுல இருக்க மாட்டாருங்க. கம்பெனில எங்க சூப்பர்வைசர், ஜப்பான்காரரு. மெஷின்ல என் கை மாட்டிகினப்போ ஓடியாந்து நிறுத்தனாரு."

வலது கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் இருந்தன. முனிரத்தினமும் பார்த்தார்.

சன்னதி வந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். முனிரத்தினம் பையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கென்ஜி. கார்த்திகை நட்சத்திரம்."

குருக்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'கிருத்திகா நட்சத்திரே... கென்ஜி நாமதேயஸ்ய...' என்று போய்க்கொண்டே இருந்தார். முருகனும் எந்தக் கென்ஜி என்று கேட்டதாகத் தெரியவில்லை.

முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். "சாமி... என் பொண்ணு பேரையும் சேத்துக்கோங்க."

சந்தேகம் தீர்ந்ததா? படியிறங்கும்போது என் காதருகே வந்தார்.

"ஏங்க, பேரன் பொறந்தா பேரு வெக்கறது யாரு? இப்பவே பேசிக்கணும்."

சந்தேகத்துக்கும் வாரிசு உண்டு, பாருங்கள்.