அறிக்கையில் இல்லாத வரி

என் அக்காவின் வயிற்று வலியைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தெரியாமல் சொன்னதாக இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில், நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. அக்காவுக்குப் பதினாறு வயதானபோது அந்த வலி தொடங்கியது. வந்துவிட்டால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பாள். அப்பா அவளை மூன்று முறை பஸ்ஸில் சேலத்துக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று எல்லாம் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவள் கையில் ஒரு பன் இருக்கும். அவள் சுமக்க வேண்டிய ஊற்றுத் தண்ணீர் என் தலையில் இருக்கும். வலி என்பது பஸ்ஸும் பன்னும் கிடைக்கிற ஒரு சௌகரியம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பரிசோதனை முடிவை எஸ்டேட் லாரி டிரைவர் ஒரு மாலை வாங்கிவந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சடித்த காகிதம். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். வயசுக்கு வந்த பெண்ணின் வயிற்றுச் சமாச்சாரம் என்று அப்பா கூச்சப்பட்டார். மிஷன் பள்ளியில் ஏழாவது படிக்கிற மகன் இருக்கும்போது வெளியாள் எதற்கு?

“படி சாமி” என்றார்.

எல்லாம் சரியாக இருக்கிறது, குறை ஒன்றும் தென்படவில்லை என்று எழுதியிருந்தது. வலி மறுபடி வந்தால் அழைத்து வரவும் என்று கடைசியில் ஒரு வரி. முதலில் இருந்ததைப் படித்தேன். கடைசி வரியை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் என் சொந்தச் சரக்கை வைத்தேன்.

“இந்தப் பொண்ணு நடிக்குது, வேலைக்கு அனுப்புங்கன்னு டாக்டர் எழுதியிருக்காருங்கப்பா.”

அப்பா காகிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காபிப் பழம் பறிக்கும் பருவம் அது. அடுத்த வாரமே அவள் அம்மாவோடு பறிப்புக்குப் போனாள். கிறிஸ்துமஸ் விடுமுறை வந்ததும் நானும் போனேன். பறிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் செடியில் இருக்க வேண்டும். அதனால் சாக்குப் பையைக் கயிற்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். பை நிறைய நிறையக் கயிறு வயிற்றை அறுக்கும். மேற்பார்வைக்கு வந்த மேஸ்திரி அக்காவிடம் நின்றார்.

“ஏங் கண்ணு, வயித்து வலி இன்னிக்கு லீவு போட்டிருச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும்தான்.

மேஸ்திரி நகர்ந்ததும் அவள் கயிற்றை அவிழ்த்தாள். பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்து வயிற்றை அதில் அழுத்திக்கொண்டாள். தாவணி நுனி பல்லுக்கிடையில் இருந்தது. சத்தமே இல்லை. நடிக்கிறவர்கள் யாராவது பார்க்கும்போதுதானே நடிப்பார்கள்? செடிக்குப் பின்னால் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை அப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே, நான் படித்தது பொய் என்று சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா அடுப்படியில், அக்காவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“நொம்ப வலிக்குதா சாமி?”

டாக்டர்களிடம் அவளைப் பற்றி எத்தனையோ கேட்டவர், அவளிடமே கேட்டது அன்றுதான். அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

என் பள்ளிக்கூடப் பையின் வாரைப் பிய்த்து, அவளுடைய சாக்கில் தோளில் மாட்டுகிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். சேலத்துக்கு மறுபடி போனபோது நானும் போனேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. “எனக்குத் தெரியலைன்னுதான் எழுதுனேன், வலி இல்லைன்னு எழுதலைங்க” என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. எப்போது வலிக்கிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டாள் என்று குறித்து வரச் சொன்னார்.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். பள்ளி முடிக்கிறவரை குறித்தேன். வெறும் வயிற்றோடு அதிக நேரம் இருந்தால் வலி கூடுகிறது என்று அதிலிருந்துதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட்டாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொண்டாள். வலி முழுசாகப் போகவில்லை, அதற்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. ஆனால் நோட்டில் வலி குறிக்காத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. பிற்பாடு அக்கா வாழவந்தியில் பால்வாடி ஆயாவாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தாள்.

போன வருடம் அவளிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டேன்.

“அதைய இன்னுமா சுமந்துட்டுத் திரியறே?” என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நீ அப்படிப் படிச்சதுக்கப்பறம், வலிக்கறப்பவெல்லாம் நெசமாவே நடிக்கறனோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு கண்ணு. நீ பொய்யின்னு ஒத்துக்கிட்டதும் அந்தச் சந்தேகம் போயிருச்சு. வெறும் வலியத் தாங்கிக்கலாம்.”

என் பொய் அவள் இடுப்பில் ஒரு பையைக் கட்டியது என்று மட்டுமே அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரியும். தன் உடம்பையே அவள் நம்பாமல் போனது தெரியாது.

அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு லேசாத்தான் இருக்குது. எழுதிக்கறயா?”

நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.