குச்சி இறாலின் பிள்ளைகள்

உம்மா மேல் எனக்கு வந்த முதல் பெருங்கோபம் ஓர் ஊசியால் வந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். வாப்பா துபாயில் இருந்தார். உம்மா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் கல்லூரியில் அடிக்கடி கரண்ட் போனதால், தன் ஆராய்ச்சி ஜாடிகள் இரண்டையும் மேலப்பாளையத்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். உவரிக் கடலில் வள்ளங்களைக் கட்டும் கயிற்றில் படரும் பாசியைப் பற்றிக்கொண்டு வாழும் குச்சி இறால்கள் அவற்றில் இருந்தன. வெறும் கண்ணுக்குத் துரும்புதான். லென்ஸில் பார்த்தால் தாயின் உடம்பெங்கும் குஞ்சுகள் தொற்றிக்கொண்டிருக்கும். உம்மா ஊசி முனையைக் குஞ்சுகளுக்கு அருகில் கொண்டுபோவாள். தாய் முன்கைகளை ஓங்கி ஊசியை அடிக்கும். எத்தனை அடி என்று நோட்டில் கோடு போட்டுவிட்டு, மறுபடியும் ஊசியை நீட்டுவாள்.

பயப்படுகிறது, விட்டுவிடு என்று கெஞ்சினேன்.

"பயந்தா ஓடிரும்ளா. இது ஓடாது. அதத்தான் எழுதுதேன்" என்றாள், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அஸர் தொழ நின்ற நேரத்தில் இரண்டு ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு தாமிரபரணிப் படித்துறைக்கு ஓடினேன். தண்ணீரில் கவிழ்த்துவிட்டு, கடல் இருக்கும் திசையைக் கைகாட்டி ஓடச் சொன்னேன். திரும்பி வந்து காலி ஜாடிகளை மேசைமேல் ணங்கென்று வைத்தேன். உம்மா அடிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் வீட்டில் ஆளில்லாததால் என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள். ஜாடிகள் காலியானதைக் கேட்டதும் அவளுடைய பேராசிரியர் மேசையைத் தட்டிக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளகுட்டிக்காரிக்கு ஆராய்ச்சி எதுக்குன்னு அன்னைக்கே சொன்னேன். இந்தக் குட்டி பாத்த வேலதான?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தான் சார் கைதவறிக் கொட்டுனேன். என்னய ஏசுங்க. எம்பிள்ளய ஏசாதீங்க."

அவள் குரல் நடுங்கியது. பயத்தினால் என்று நினைத்தேன். அவளுடைய ஒரு வருட உழைப்பு என் கையால் போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில், பொய் சொன்னதற்கும் சேர்த்து அவள்மேல் கோபமாக இருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, அதெல்லாம் கடலுக்குப் போயிருக்குமா என்று கேட்டேன்.

"போயிருக்கும்ளா" என்றாள்.

அந்தக் கடல் உயிர்கள் ஆற்றுத் தண்ணீரில் ஒரு நாள்கூடத் தாங்காது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அன்று, அவற்றைக் காப்பாற்றியவள் நான் என்ற நினைப்பில், அதற்குமேல் வீடு வரும்வரை அவளோடு பேசவே இல்லை.