பந்துக்குப் பிடித்த விரதம்

கோடை தொடங்கும்போது எங்கள் அணியில் பந்து எறிய மூன்று பேர் இருந்தோம். ஜூலை பாதியில் நான் மட்டும் மிச்சம்.

நான் மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், ஒரு பாண் சுடுகிற பக்டரியில் வேலை செய்கிறேன். மாவு குழைக்கிற மெஷின் என் பொறுப்பு. கோடையில் அந்தச் சுற்று வட்டாரத்துப் பக்டரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கில் பேஸ்போல் விளையாடும். பெரிய பரிசு ஒன்றும் இல்லை. ஒரு கப் தருவார்கள். வென்றவர்கள் அதை ஒரு வருடம் தங்கள் சாப்பாட்டு அறையில் வைத்திருப்பார்கள்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவன் ஆறு பந்து போட்டுவிட்டுப் போய் நிற்பான். அடுத்தவன் வருவான். இதில் அப்படி இல்லை. ஒருவனே எறிந்துகொண்டிருப்பான். அவன் கை விழுந்தால் ஆட்டமும் விழுந்துவிடும். அதனால் கை மாற்றக் கூடுதலாக ஆட்கள் வேண்டும்.

எங்களில் முதல் ஆள் மெஷின் திருத்துகிற வெள்ளைக்காரன். அவனுக்குத் தோள் போய்விட்டது. இரண்டாவது ஆள் மெக்சிக்கோக்காரன். அவனை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவது ஆள் நான். ஐம்பது வயது தாண்டிவிட்டது. மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியிருக்கிறேன். அதுவும் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டுத்தான். வேறு பயிற்சி கிடையாது.

கப்டன் ஹெயிட்டிக்காரர். பாண் வேகிற போறணைப் பக்கத்துக்குப் பொறுப்பானவர். அவர் பிரெஞ்சில் சொன்னவற்றை நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மெஷினுக்கு வருவார்.

"கை எப்படி?"

"கை நல்லம்."

போய்விடுவார். ஆனால் நம்பவில்லை. முழங்கையில் நோவு தொடங்கியிருந்தது. நான் மாவு மூட்டை தூக்கும்போது அவர் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் போட்டியில் ஒரு விதி உண்டு. ஜூலை முடிகிற அன்று பெயர் கொடுக்கிறது முடியும். பிறகு புது ஆள் எடுக்க முடியாது. அதற்கு முன் என்றால் ஒரு அணி இன்னொரு அணியோடு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். மட்டைப்பெட்டி செய்கிற பக்டரியில் ஒரு இடக்கைக்காரன் இருந்தான். அவர்களிடம் எறிய ஆட்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். அவனுக்கு ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருப்பதே வேலை. எங்கள் கப்டன் அவனில் கண் வைத்தார். அவன் வந்தால் எறிவது அவன்தான். நான் வாங்குக்குப் போவேன்.

இதைப் பெரிதாக எடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பக்டரியில் நான் நெடுங்காலமாக இருக்கிறேன். சொந்தக்காரன் ஒருவனைத் தவிர யாரும் என்னோடு கதைத்ததில்லை. எனக்கும் கதைக்க வராது. எறியத் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் தூரத்தில் இருந்தே கை காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை எறிகிற மேட்டில் ஏறி நின்றால், நான் கையைத் தூக்கும்வரை எல்லோரும் காத்து நிற்பார்கள். எனக்காக ஆட்கள் காத்து நின்றது வேறு எங்கும் இல்லை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அந்தக் கிழமைதான் கொடியேறியது. நான் கொடிமரத்தடியில் நின்று நேர்த்தி வைத்தேன். திருவிழா முடியும்வரை ஒரு நேரச் சாப்பாடு. மாலைப் பூசை முடியும்வரை தண்ணீர்கூட இல்லை. என் கை நிற்க வேண்டும். கப்டன் வேறு ஆளை எடுக்கக் கூடாது. இதுதான் கேட்டது.

கோயிலில் ஆட்கள் பிள்ளைக்கு நேருவார்கள். நோய் வருத்தத்துக்கு நேருவார்கள். பந்துக்கு நேர்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் காலை தேத்தண்ணீர் வேண்டாம் என்றேன். மனைவி கோப்பையோடு நின்றாள்.

"ஏன், என்ன நடந்தது?"

"விரதம்."

"நீங்களா? எதுக்கு?"

"சும்மா. ஒரு நேர்த்தி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அவள் ஒரு கார்டெரியில், பகலில் பிள்ளை பார்க்கிற இடத்தில், சமைக்கிறவள். நாள் முழுக்க நின்று வலது முழங்கால் தேய்ந்துபோய், ஒப்பரேஷனுக்குக் காத்திருந்தாள். இன்னும் நாள் வரவில்லை.

"எனக்காகவா?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டி எடுக்காமல் வேலைக்குப் போனேன். அவள் அன்றைக்கே தம்பிக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டாள்.

அவள் தம்பியும் எங்கள் பக்டரிதான். எங்கள் அணியில் நான் எறிகிற பந்தைப் பிடிப்பவன் அவன். வாய்க்காரன்.

அந்த ஞாயிறு மொன்றியல் வெயில் தெரியும்தானே. காற்று அசையவில்லை. முதல் இரண்டு சுற்றும் எப்படியோ போனது. மூன்றாவதில் பந்து என் சொல் கேட்கவில்லை. நாலு பந்து பிழையாகப் போனால் அடிக்கிறவன் அடிக்காமலே நடந்து போகலாம். ஒருவன் நடந்தான். அடுத்தவனும் நடந்தான். நடந்தே புள்ளி எடுத்தார்கள். மச்சான் எழும்பி என்னிடம் வந்தான்.

"அத்தான், பந்து தானா வருமா, இல்ல நான் வந்து கூட்டிக்கொண்டு போகவா?"

"நீ பிடிக்கிற வேலையப் பார்."

"பிடிக்க ஏதாவது வரவேணுமே! பின்னால புல்லுக்குள்ள குனிஞ்சு தேடித் தேடி எனக்கு நாரி விட்டுப்போச்சு."

அடுத்த பந்தை எறிந்தேன். அது எங்கே போனது என்று தெரியாது. எனக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போனது. மேட்டிலேயே குந்திவிட்டேன்.

கப்டன் ஓடிவந்தார். "கையா?"

"கை இல்லை."

"அப்ப என்ன? வயசா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். மச்சான்தான் வாயைத் திறந்தான். அவனுக்கு நல்ல பிரெஞ்சு.

"இந்தாள் கொடியேறின நாளில இருந்து பகல்ல பச்சத் தண்ணி குடிக்கயில்ல. சாமிக்கு விரதம். என்ட அக்காட முழங்காலுக்கு."

கப்டன் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். எதிர் அணியில் இருந்து ஒருவன் தோடம்பழம் கொண்டுவந்தான். நான் தலையாட்டி வேண்டாம் என்றேன். அதற்கும் ஒரு மரியாதை கிடைத்தது. அவன் பழத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். நாக்கு வறண்டுபோய் ஒட்டிக்கிடந்தது. ஆனால் நான் சொல்லாமல் விட்டது அதனால் இல்லை.

அந்த ஆட்டம் தோற்றோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பொதி கட்டுகிற பகுதியில் இருந்து இரண்டு ஹெயிட்டிப் பெண்கள் என் மெஷினுக்கு வந்தார்கள். அதுவரை என்னோடு போன்ஜூர் மட்டும் சொன்னவர்கள்.

"உன் மடாமுக்கு முழங்கால் எப்படி? நாங்க நேற்று சேர்ச்சில அவவுக்காக மன்றாடினோம்."

"மெர்சி" என்றேன்.

"எங்கட மனுசன்மாருக்கு உன்னைக் காட்டவேணும். சாப்பாடு பத்து நிமிசம் பிந்தினால் வீடு இரண்டாப் போகும்."

அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு கப்டன் வந்தார். இந்தத் தரம் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

"இடக்கைக்காரன் வேண்டாம் என்று சொல்லிப்போட்டேன்" என்றார். "உன்னைப்போல ஒரு மனுசனை வைத்துக்கொண்டு நான் ஏன் வெளியில் தேடவேணும்? உன் சாமி விட்டதும் சாப்பிட்டுவிட்டு வா. நீ எறிகிறாய்."

கேட்டது கிடைத்துவிட்டது. நான் நேர்ந்தது அப்படியே நடந்துவிட்டது. அன்று மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. திரும்ப நக்கிப் பார்க்கவும் முடியாது, விரதம். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அன்று பின்னேரம் கோயிலுக்குப் போனோம். மனைவியைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி என்னைக் காட்டி, "குடுத்து வச்சனி நீ. என்ட ஆள் எனக்காக ஒரு கொத்துரொட்டியக்கூட விடமாட்டார்" என்றாள். என் மனைவி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள். பிறகு கோயில் உள்வீதி சுற்றப் போனாள். வழக்கமாகக் காலை நீட்டிக் கதிரையில் இருந்து கும்பிடுகிறவள். சுவரைப் பிடித்துப் பிடித்து முழுச் சுற்றும் நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் காலை எடுத்து வைப்பதைப் பார்க்க முடியவில்லை. மற்றப் பக்கம் பார்த்து நடந்தேன்.

காரில் ஏறிய பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சாருங்க, நோவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

நான் கார்த் திறப்பைப் போட்டேன். காரை எடுக்கவில்லை.

"அது உன்ட முழங்காலுக்கு இல்ல."

"எது?"

"விரதம்."

"பின்ன எதுக்கு?"

"பந்துக்கு."

"எந்தப் பந்துக்கு?"

"ஞாயிற்றுக்கிழமைப் பந்துக்கு. கை நிக்கவேணும் என்டு. வேற ஆள எடுக்கக்கூடாது என்டு."

அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு நின்றது. முழங்காலில் இருந்து கையை எடுத்தாள்.

"அப்ப என்ட முழங்காலுக்கு ஆரு பிடிச்சது?"

காரை எடுத்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது கை கொடுத்தேன். கதவைப் பிடித்து இறங்கினாள்.

அடுத்த நாள்தான் பெயர் கொடுக்கக் கடைசி நாள். வேலை தொடங்க முன் கப்டனிடம் போனேன். போறணைச் சூட்டில் அவருடைய முகம் மினுங்கியது.

"இடக்கைக்காரனை எடு" என்றேன்.

"ஏன்? கையா?"

"கை நல்லம். விரதம் மனுசியின் முழங்காலுக்கு இல்லை. எனக்கு. நீ அவனை எடுக்கக்கூடாது என்று சாமியிடம் கேட்டேன்."

என் பிரெஞ்சுக்கு இது பெரிய வேலை. மூன்று தரம் சொல்லவேண்டி வந்தது. மூன்றாவது தரம் பிடிபட்டது. அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். தட்டு தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஆள் எடுக்கக்கூடாது என்று பட்டினி கிடந்து, பட்டினியால் விழுந்தாயா?"

"ஓம்."

அவருக்குச் சிரிப்பு அடங்கியது. "மடாமுக்குத் தெரியுமா?"

"நேற்றுச் சொன்னேன்."

"வீட்டை விட்டுக் கலைத்துவிட்டாவா?"

"இன்னும் இல்லை."

அவர் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "அவனுக்குப் பதில் அவர்கள் ஒரு ஆள் கேட்பார்கள்."

"என்னைக் கொடு."

"அங்கே உனக்கு எறியக் கிடைக்காது. தூரத்தில் நிற்க விடுவார்கள். பந்தே வராத இடத்தில்."

"தெரியும்."

"இங்கேயே வாங்கில் இரேன். உன்னை யாரும் போகச் சொல்லவில்லையே."

"இங்கே நின்றால் எல்லோரும் முழங்காலைக் கேட்பார்கள்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. போனை எடுத்து மற்றக் கப்டனுக்கு அடித்தார். என்னை முன்னால் வைத்துக்கொண்டே கதைத்தார்.

"ஓம், ஆளுக்கு ஆள். மாவுக்காரன். நல்லவன். எறிவான்." பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "ஆனால் ஆட்டத்தில் இறக்க முன் சாப்பிட்டானா என்று கேள்."

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். இவர் விளக்கம் சொல்லவில்லை. அதற்கு மட்டும் நான் அவருக்குக் கடமைப்பட்டவன்.

நான் தலைக்கு வலை போட்டுக்கொண்டு மெஷினுக்குப் போனேன். திருவிழா முடிய இன்னும் நாள் இருந்தது. விரதத்தை விடவில்லை. இப்போது இது எதற்கு என்று முருகனிடம் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியும் கேட்கவில்லை. மாலையில் கோயிலுக்குப் போனபோது, பழையபடி கதிரையில் இருந்தே கும்பிட்டாள்.